லீவரைத் தூக்கும் முன்: ட்ரிப் ஆனதைக் கண்ணால் அறிவது எப்படி?

மே மாத இரவு, மணி எட்டு. அடுக்கக வீடு ஒன்றில் சமையலறை மட்டும் இருண்டுவிட்டது. கூடத்தில் விசிறி ஓடுகிறது, பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் கேட்கிறது, ஆக, இது தெருவில் போன மின்சாரம் இல்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் டி.பி. (மின் பகிர்வு) பெட்டியைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு லீவர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மூன்று கீழே கிடக்கின்றன. ஒன்று, ஆள் தங்காத அறையின் ஏ.சி.க்கானது, வீட்டாரே இறக்கி வைத்தது. இன்னொன்று வயர் கொடுக்கப்படாத ஸ்பேர். மூன்றாவதுதான் உண்மையில் விழுந்தது. எது எதற்கு என்று பெட்டியில் ஒரு எழுத்துகூட இல்லை. இந்த நிலையில் பலரும் மூன்றையும் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அப்படித் தள்ளியதோடு ஏன் விழுந்தது என்பதற்கான சாட்சியும் அழிந்துபோகிறது. சர்க்யூட் பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டிப்பதோடு நிற்பதில்லை. எந்த லைனில், எந்த மாதிரியான கோளாறு என்பதற்கு ஏதோ ஓர் அடையாளத்தையும் விட்டுவைக்கிறது. லீவர் நிற்கும் இடம், சிறு ஜன்னலில் தெரியும் நிறம், விளக்கு, விழ எடுத்துக்கொண்ட நேரம் எல்லாமே அந்த அடையாளங்கள்தான். அவற்றை எப்படிப் படிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

பழைய ஃபியூஸ் கேரியர் இருந்த காலத்தில் இந்தச் சாட்சி அழியாமல் இருந்தது. கேரியரைப் பிடுங்கிப் பார்த்தால், கம்பி நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் லோட் அதிகம். கம்பியே ஆவியாகிப் பீங்கானில் கரி அப்பியிருந்தால் ஷார்ட். அனுபவமுள்ள வயர்மேன் அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஐரோப்பாவில் புழங்கிய டயசெட் வகை ஃபியூஸில் நிறம் பூசிய சிறு வட்டத் தகடு ஒன்று முகப்பில் இருக்கும். 6 ஆம்பியருக்குப் பச்சை, 10-க்குச் சிவப்பு, 16-க்குச் சாம்பல், 20-க்கு நீலம், 25-க்கு மஞ்சள் என அளவுக்கு ஒரு நிறம். ஃபியூஸ் போனால் அந்தத் தகடு கழன்று விழும். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டாட்ஸின் நிறுவனம் 1924-ல் காப்புரிமை பெற்ற, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய சிறு பிரேக்கர்தான், இன்று வீடுகளில் ‘எம்.சி.பி.’ என்று சொல்லப்படும் சிறு சர்க்யூட் பிரேக்கரின் முன்னோடி. அது வந்த வீடுகளில் கம்பி கட்டும் வேலை ஒழிந்தது. ஆனால் உள்ளே நடப்பதெல்லாம் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்விட்டதால், வெளியே தெரியும் சிறு அடையாளங்களை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று.

நம் ஊர் எம்.சி.பி.யில் லீவர் மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப். லீவரின் மீதோ பக்கத்திலோ I என்றும் O என்றும் குறி இருக்கும்; I ஆன், O ஆஃப். சிக்கல் எங்கே என்றால், ட்ரிப் ஆகும்போதும் பல மாடல்களில் லீவர் முழுவதுமாகக் கீழே வந்துவிடுகிறது. கையால் இறக்கியதும் தானாக விழுந்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். அமெரிக்க வீடுகளில் இந்தக் குழப்பம் குறைவு. அங்குள்ள பல பிரேக்கர்களில், ட்ரிப் ஆனால் லீவர் ஆனுக்கும் ஆஃபுக்கும் நடுவில் வந்து நிற்கும். ஸ்கொயர் டி நிறுவனத்தின் கியூ.ஓ. வகையில் நடுவில் நிற்பதோடு, சிறு ஜன்னலில் சிவப்புக் கொடியும் எட்டிப் பார்க்கும். டார்ச் அடித்தால் எது விழுந்தது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இந்தியச் சந்தையிலும் அத்தகைய ஜன்னல் உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. ஷ்னைடரின் ஆக்டி9 வரிசையில் ஐசி60 எம்.சி.பி. கோளாறினால் விழுந்தால் முகப்பில் சிவப்பு அடையாளம் தெரியும். கையால் இறக்கினால் தெரியாது. அதே எம்.சி.பி.யில் லீவருக்கு அடியில் ஒரு பச்சைப் பட்டையும் உண்டு. உள்ளே எல்லாத் தொடுமுனைகளும் உண்மையாகவே பிரிந்தால்தான் அந்தப் பச்சை வெளிப்படும். ஏ.பி.பி., சீமென்ஸ் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களிலும் ஜன்னல் உண்டு. ஆனால் அங்கே சிவப்புக்குப் பொருள் வேறு: தொடுமுனைகள் சேர்ந்திருக்கின்றன, மின்சாரம் பாய்கிறது என்பதே. பச்சை என்றால் பிரிந்திருக்கின்றன.

இதை இரண்டு தடவை படிப்பது நல்லது. ஒரு பெட்டியில் சிவப்பு என்றால் ‘கோளாறினால் விழுந்தது’. இன்னொரு பெட்டியில் அதே சிவப்பு என்றால் ‘ஆனில் இருக்கிறது, தொடாதே’. பச்சை என்றதும் எல்லாம் சரி என்று மனம் சொல்லும்; இங்கே பச்சை என்பது மின்சாரம் இல்லை என்பதன் அடையாளம். பழுது பார்க்க வருபவருக்கு அது பாதுகாப்பு, வீட்டுக்காரருக்கு இருட்டு. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண்களும் நிறையப் பேருக்கு உண்டு. ஆகவே வீட்டில் எந்த மாடல் இருக்கிறது, அதில் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று வயரிங் முடிந்த அன்றே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாமல் லீவரின் நிலையையும் I, O குறிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஜன்னலே இல்லாத எம்.சி.பி.தான் வீட்டில் இருக்கிறது என்றால், விழ எடுத்துக்கொண்ட நேரமே அடையாளம். எம்.சி.பி.க்குள் இரண்டு காவல்கள் இருக்கின்றன. சூடானால் வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று. அது லோட் அதிகமாவதைக் கவனிக்கிறது. மின்காந்தச் சுருள் மற்றொன்று. அது ஷார்ட்டைக் கவனிக்கிறது. வீட்டு எம்.சி.பி.க்கான ஐ.இ.சி. 60898 தரவிதிப்படி, 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று 1.13 மடங்கை, அதாவது சுமார் 18 ஆம்பியரை, ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கான 23.2 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ‘சி’ வகையாக இருந்தால் 80-லிருந்து 160 ஆம்பியருக்குள் எங்கோ ஓரிடத்தில் சுருள் இழுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

சமையலறை பிளக் லைனில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஒன்றாக ஓடினால் 4500 வாட். 230 வோல்ட்டில் சுமார் 19.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை உடனே தள்ளிவிடாது; இருபது நிமிடம், முப்பது நிமிடம் கழித்து விழலாம், விழாமலும் இருக்கலாம். தரவிதியில் சொல்லும் கணக்கு 30 டிகிரி வெப்பநிலைக்கானது. மேற்கு வெயில் காயும் சுவரில் பதித்த பெட்டிக்குள் சூடு அதைவிட அதிகம் என்பதால் இன்னும் சீக்கிரம் விழும். ஆகவே ‘கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தது’ என்றால் லோட். ‘சுவிட்சைப் போட்ட அந்த நொடியே விழுந்தது’ என்றால் ஷார்ட், அல்லது மோட்டார் போல ஆரம்பத்தில் அதிகம் இழுக்கும் சாதனம். எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யும்போது இந்த ஒரு தகவலைச் சொன்னாலே அவருடைய வேலையில் பாதி முடிந்துவிடும்.

லோடினால் விழுந்த எம்.சி.பி.யை உடனே தூக்கினால் நிற்காமல் போகலாம். பட்டை ஆறவில்லை என்பதே காரணம். சில நிமிடம் பொறுக்க வேண்டும், சாதனங்களைப் பிளக்கிலிருந்து கழற்றவும் வேண்டும். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் மின்சாரம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எம்.சி.பி.யின் அமைப்பு அதற்கு இடம் தராது. லீவரை மேலே பிடித்திருந்தாலும் உள்ளே தொடுமுனைகள் பிரிந்துவிடும். இங்கே லீவரின் நிலை ஏமாற்றும் என்பதையும் கவனிக்க வேண்டும்: பிடித்த கையின் கீழ் லீவர் ஆனில் தெரியும், உள்ளே லைன் துண்டாகியிருக்கும்.

பெட்டியில் மற்றவற்றைவிட அகலமாக, ‘T’ என்ற சிறு பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. சிலர் இன்னும் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். வீடுகளுக்கான 30 மில்லி ஆம்பியர் வகை, ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்க்கிறது. வித்தியாசம் கண்டால் விழுந்துவிடும். எல்லா எம்.சி.பி.யும் மேலே இருக்க, இது மட்டும் கீழே கிடந்தால் செய்தி தெளிவானது: லோட் அல்ல, எங்கோ மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. கீசர் காயில், வாஷிங் மெஷின், ஈரமான வெளிச்சுவர் பிளக், வயர் உரிந்த மோட்டார் ஆகியவை வழக்கமான இடங்கள். கசிவின் வழி ஒரு மனித உடலாகவும் இருந்திருக்கலாம் என்பதால், இந்த லீவர் விழுந்தால் முதலில் வீட்டில் எல்லோரும் நலமா என்று பார்க்க வேண்டும். பெட்டி அதற்குப் பிறகுதான்.

எந்த லைனில் கசிவு என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்க வேண்டும். பல மாடல்களில் முதலில் முழுவதுமாகக் கீழே தள்ளினால்தான் அது பிறகு மேலே நிற்கும். நின்றதும் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். எதைத் தூக்கியதும் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. எம்.சி.பி. எல்லாம் கீழே இருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்க மறுத்தால் குழம்ப வேண்டாம். ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் துண்டிக்கப்படுவதில்லை. நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தும் தீரவில்லை என்றால் எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும். இடி மின்னலின்போது விழுந்து, தூக்கியதும் அமைதியாக நிற்கும் ஆர்.சி.சி.பி.யைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மின்னலால் லைனில் வரும் திடீர் மின் எழுச்சிக்கு இது விழுவது உண்டு.

எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. வாங்குபவர்கள், கசிவினால் விழுந்ததைத் தனி அடையாளத்தில் காட்டும் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தது லோடினாலா, ஷார்ட்டினாலா, கசிவினாலா என்று ஊகிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் எந்த அடையாளத்தையும் மறைத்துவிடும் ஒரு பொருள் இருக்கிறது: இன்வெர்ட்டர். அதற்குப் போகும் எம்.சி.பி. விழுந்தாலும், மெயினே விழுந்தாலும், விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் கவனிப்பதில்லை. சில மணி நேரம் கழித்துப் பேட்டரி இறங்கி இருட்டாகும்போது, தெருவெல்லாம் மின்சாரம் இருக்க இந்த வீட்டில் மட்டும் இல்லை என்று தெரியவருகிறது. இன்வெர்ட்டரின் முகப்பில் ‘மெயின்ஸ்’ என்று எழுதிய விளக்கு அணைந்து, பேட்டரி விளக்கு எரிந்தால், தெருவிளக்கை ஒரு முறை எட்டிப் பார்ப்பது போதும். தெருவில் இருக்கிறது, வீட்டில் இல்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஃபிரிட்ஜ் தனி லைனில் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்; அந்த லைன் விழுந்ததை மறுநாள் கெட்டுப்போன பால்தான் பல வீடுகளில் அறிவிக்கிறது.

இதே காரணத்தால், லீவர் கீழே இருப்பதை மட்டும் நம்பி வயரில் கை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் லைன் தனியாக உயிரோடு இருக்கலாம். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வைத்து, மறுபடியும் பழைய பிளக்கில் வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுக்ககத்தின் மீட்டர் அறை, கல்யாண மண்டபம், அரிசி ஆலை போன்ற இடங்களில் இருப்பது எம்.சி.சி.பி. உருவம் பெரியது, லீவர் தடித்தது. இதன் அடையாளம் மிகத் தெளிவானது: ட்ரிப் ஆனால் லீவர் நடுவில் நிற்கும். ஆனாலும் தடுமாற்றம் இங்கேதான் அதிகம். நடுவில் நிற்கும் லீவரை அப்படியே மேலே தள்ளினால் ஏறாது, ஏறினாலும் நிற்காது. ‘பிரேக்கர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்’ என்று முடிவுகட்டி விடுகிறார்கள். முதலில் கீழே, ‘ரீசெட்’ என்று எழுதியிருக்கும் இடம்வரை, ‘க்ளிக்’ சத்தம் கேட்கும்படி அழுத்தமாகத் தள்ள வேண்டும். உள்ளே ஸ்பிரிங் கொக்கியில் மாட்டுவது அப்போதுதான். அதன் பிறகே மேலே. எலக்ட்ரானிக் வகைகள் சிலவற்றில் லோட், ஷார்ட், எர்த் ஃபால்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எல்.இ.டி. உண்டு. கோளாறினால் விழுந்தால் மட்டும் மூடும் அலாரம் கான்டாக்ட் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, வாட்ச்மேன் அறையில் ஒரு மஞ்சள் விளக்கோ ஹூட்டரோ வைக்கலாம். லிஃப்ட் உள்ள கட்டடங்களில் இதைச் செய்வது மிக நல்லது.

பேனல் கதவில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள் எரிவதைப் பார்த்து ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடக் கூடாது. அவை ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களும் வருகின்றனவா என்பதை மட்டும் காட்டுபவை. பிரேக்கருக்கு முன்னாலிருந்து இணைப்பு எடுத்திருந்தால், பிரேக்கர் விழுந்த பிறகும் மூன்றும் பளிச்சென்று எரியும். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரில் பார்க்க வேண்டியது ஓவர்லோட் ரிலே. அது விழுந்தால் அதன் முகப்பில் சிறு அடையாளம் வெளியே வரும்; ரீசெட் செய்தால் உள்ளே போய்விடும். அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதன் டயலைக் கூட்டி வைப்பவர்கள் மோட்டார் காயிலைப் பணயம் வைக்கிறார்கள். ஒரு ஃபேஸ் போய்விட்டதா, பம்ப் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதே சரி.

துணை மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இந்த அடையாளங்கள் ஒரு முழு மொழியாகவே வளர்ந்திருக்கின்றன. 11 கே.வி. பேனலில் சிவப்பு விளக்கு என்றால் பிரேக்கர் ஆன்; பச்சை என்றால் ஆஃப்; மஞ்சள் என்றால் தானாக ட்ரிப் ஆனது; வெள்ளை என்றால் ட்ரிப் சர்க்யூட் நலமாக இருக்கிறது; நீலம் என்றால் ஸ்பிரிங் சார்ஜ் ஆகியிருக்கிறது. இந்திய நிலையங்களில் பரவலாகக் காணும் ஏற்பாடு இது. பச்சையும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால், யாரும் இறக்கவில்லை, தானாக விழுந்தது என்று ஆபரேட்டர் புரிந்துகொள்கிறார். சென்னைப் பல்லாவரத்து ஆலையில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த சி.டி.ஜி. வகை ரிலேக்களைப் பழைய நிலையங்களில் பார்த்திருப்பவர்கள் அவற்றின் கண்ணாடிக்குப் பின்னால் விழும் கொடியை மறந்திருக்க மாட்டார்கள். ரிலே வேலை செய்ததும் கொடி விழும். கையால் குமிழைத் தள்ளினால்தான் மேலே போகும். இன்றைய எண்ணியல் ரிலேக்களில் கொடிக்குப் பதில் அணையாமல் நிற்கும் எல்.இ.டி.

எந்தக் கொடி விழுந்தது, எந்த ஃபேஸில் என்று குறித்த பிறகே ரீசெட் செய்வது ஆபரேட்டரின் பழக்கம். காரணம் நடைமுறை சார்ந்தது. எர்த் ஃபால்ட் கொடி என்றால் கம்பி அறுந்து விழுந்திருக்கலாம், மரக்கிளை உரசியிருக்கலாம், இன்சுலேட்டர் வெடித்திருக்கலாம். இரண்டு ஃபேஸில் ஓவர் கரண்ட் என்றால் காற்றில் இரண்டு கம்பிகள் மோதியிருக்கலாம். மிகப் பெரிய மின்னோட்டத்துக்கு உடனே விழும் ‘ஹைசெட்’ கொடி என்றால் கோளாறு பெரும்பாலும் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும். லைனைத் தேடிப் போகும் ஊழியர்கள் தொலைவில் போய்த் தேடுவதா, முதல் கம்பத்திலிருந்தே பார்ப்பதா என்பதை அந்தச் சிறு கொடி தீர்மானிக்கிறது. பெரிய கோளாறுக்கு மாஸ்டர் ட்ரிப் ரிலே விழுந்திருந்தால், அதைக் கையால் ரீசெட் செய்யும்வரை பிரேக்கரை மறுபடி மூடவே முடியாது. அவசரக் கைக்கு வேண்டுமென்றே போட்ட தடை அது.

விமானத்தின் பிரேக்கரும் இதே அக்கறையோடு செய்யப்பட்டதுதான். ட்ரிப் ஆனால் கறுப்புப் பொத்தான் வெளியே குதித்து, அதன் கழுத்தில் வெள்ளை வளையம் தெரியும். பறக்கும்போது அதை அழுத்திவிடுவது பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரை கண்டிப்பானது: பாதுகாப்பாகப் பறக்க அது தேவை என்றால் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. தொழிலிடங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதியும், பாதுகாப்புச் சாதனம் துண்டித்த லைனை, பாதுகாப்பானது என்று உறுதி செய்யாமல் திரும்பத் திரும்பக் கையால் ஆன் செய்வதைத் தடைசெய்கிறது.

வீட்டுக்கும் அந்த ஒரே ஒரு முறை போதும். காரணம் தெரிந்து, சாதனத்தைக் கழற்றிய பிறகு ஒரு முறை தூக்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட வேண்டும். பெட்டி சுடுகிறது, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை, ‘சர்ர்’ என்ற சத்தம், பெட்டிக்குள் ஈரம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்த ஒரு முறையும் வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். ஈரக் கையோடும் ஈரத் தரையில் வெறுங்காலோடும் பெட்டியின் அருகே போகவே கூடாது.

லீவரைத் தொடும் முன் செல்போனில் பெட்டியை ஒரு படம் எடுத்துக்கொண்டால், எது விழுந்திருந்தது, ஜன்னலில் என்ன நிறம், மணி எத்தனை என்பதெல்லாம் அதிலேயே பதிந்துவிடும். ஒரு மாதத்தில் இப்படி எடுத்த மூன்று படங்களிலும் ஒரே லீவர் கீழே இருந்தால் எலக்ட்ரீஷியனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மின்சாரம் நன்றாக இருக்கும் ஒரு பகல் பொழுதில் பெட்டியைத் திறந்து, லீவர்களை ஒவ்வொன்றாக இறக்கி, எந்த அறையில் எது அணைகிறது என்று பார்த்து, தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்: ‘சமையலறை பிளக்’, ‘கீசர்’, ‘போர் மோட்டார்’, ‘ஸ்பேர்’. ஆர்.சி.சி.பி.யின் ‘T’ பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். விழவில்லை என்றால் அதை உடனே மாற்ற வேண்டும்.